சந்தாபுராவின் காற்று

டீனாவுக்கு வேலை என்னவென்றால், பார்ப்பதுதான் வேலை. தொம்மலூர் பழைய ஊருக்குள், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாம் மாடியில் இருக்கிற சின்னக் கம்பெனி அது. சுவரில் மாட்டிய பெரிய திரைக்கு எதிரே அவள் நாற்காலி. திரை முழுக்கக் கோடுகள். ஒவ்வொரு கோடும் எங்கோ ஒரு குளிர்பதனக் கிடங்கில் மாட்டியிருக்கும் ஒரு பெட்டி. அங்கே இருக்கும் காற்றை அந்தப் பெட்டி மோந்து பார்த்து, அதில் அமோனியா எவ்வளவு என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தால் நல்லது. தலை தூக்கினால் வம்பு.

மீனும் பட்டாணியும் ஐஸ்கிரீமும் அடுக்குகிற கிடங்கைக் குளிர வைப்பது இந்த அமோனியாதான். குழாய்க்குள் இருக்கும்வரை சாது. வெளியே வந்தால் கண்ணையும் தொண்டையையும் பிடுங்கும். அளவு மிஞ்சினால் ஆளையே முடித்துவிடும். இதில் ஒரு சனியன் என்னவென்றால், அங்கே வேலை செய்கிறவர்களுக்கு அந்த நெடி எந்நேரமும் லேசாக அடித்துக்கொண்டே இருக்கும், மூக்கு மரத்துப் போய்விடும். மரத்துப்போன மூக்கை நம்ப முடியாது என்றுதான் காசு கொடுத்துப் பெட்டி வாங்கி மாட்டுகிறார்கள்.

இத்தனை கோட்டில் சந்தாபுரா கோட்டின் மீது டீனாவுக்குக் கண் ஒரு மடங்கு கூடுதல். அவளுடைய தம்பி ஷெர்வின் அந்தக் கிடங்கில்தான் வேலை செய்கிறான். வேலை வாங்கிக் கொடுத்ததே அவள்தான். அம்மா மௌரீன் சம்மதிக்கவே இல்லை. "கேஸ் இருக்கிற எடத்துக்கா புள்ளைய அனுப்புவேன்? ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா?" என்று கத்தித் தீர்த்தாள்.

"மம்மி, அங்க மாட்டியிருக்கிறது எங்க பெட்டி. நாள் பூரா நான்தான் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். என் கண்ணத் தாண்டி என்ன நடந்துடும்?" என்று டீனாதான் அம்மாவைச் சரிக்கட்டினாள்.

பெட்டிகள் நேராக இந்தத் திரைக்குப் பேசுவதில்லை. நடுவில் ஒரு புரோக்கர் உண்டு. வீட்டு புரோக்கர், கல்யாண புரோக்கர் போலத்தான் இதுவும், ஆனால் மனுஷன் இல்லை. இணையத்தில் எங்கேயோ ஒரு சர்வரில் ஓடுகிற நிரல். பெட்டி சொல்வதை வாங்கி இங்கே கொடுக்கும். இங்கிருந்து போகும் கட்டளையை வாங்கிப் பெட்டியிடம் கொடுக்கும். இந்தப் பேச்சு வார்த்தைக்கு எம்.க்யூ.டி.டி. என்று வாயில் நுழையாத ஒரு பெயர். பாதுகாப்புக்கு ஒரு குறையும் கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனிப் பெயர், தனி சர்ட்டிபிகேட், தனி ரகசியச் சாவி. அவை மூன்றும் இல்லாத எவனும் உள்ளே நுழைய முடியாது.

அந்தப் புரோக்கருக்கு ஒரு பழக்கம். ஒரே பெயரோடு இரண்டு பேர் வந்து நின்றால் அது குழம்பாது. பின்னால் வந்தவனை உள்ளே விடும், முன்னால் இருந்தவனை வெளியே தள்ளும். யார் அசல், யார் நகல் என்றெல்லாம் விசாரிப்பது கிடையாது. சர்ட்டிபிகேட் சரியாக இருக்கிறதா, சரி, வா உள்ளே.

அன்றைக்குக் காலையிலிருந்தே ஆபீஸ் அமளி துமளிப்பட்டது. சாயங்காலம் மும்பையிலிருந்து பெரிய பார்ட்டி வருகிறார்கள். ஏகப்பட்ட கிடங்குகள் வைத்திருக்கிறவர்கள். அவர்கள் சரியென்று தலையாட்டிவிட்டால் கம்பெனி எங்கேயோ போய்விடும். முதலாளி அனந்தபத்மநாபன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கண்ணாடித் தடுப்பு போட்ட டெமோ ரூமுக்கும் தன் அறைக்கும் நடையாய் நடந்தார். பெட்டிகளைச் செய்கிற லாயிட், டெமோ ரூம் மேஜையில் ஒரு புதுப் பெட்டியை வைத்து ஏதோ நோண்டிக்கொண்டிருந்தான். சர்ட்டிபிகேட் போட்டுக் கொடுக்கிற வீணா லீவில் ஊருக்குப் போயிருந்தாள். அவள் இல்லாமல் புதுப் பெட்டி எப்படி உயிர் பெற்றது என்று டீனாவுக்கு ஒரு நிமிடம் தோன்றியதுதான். ஆனால் அதைக் கேட்க அப்போது நேரம் எங்கே?

சாப்பாட்டுக்கு முன்னால் சந்தாபுரா கோடு விருட்டென்று தலை தூக்கியது.

கோடு அபாய எல்லையைத் தாண்டியதும் சர்வர் தானாகவே அந்தக் கிடங்கின் பெட்டிக்கு 'சைரன் அடி' என்று கட்டளை அனுப்பிவிடும். அனுப்பியும் விட்டது. அவள் சந்தாபுரா கேட்டுக்கு போன் போட்டாள். எடுத்தவர் மதியழகன். அங்கே செக்யூரிட்டி அவர்தான். தங்கவயல்காரர், வாய் நிறையப் பேச்சு. அவளை இதுவரை நேரில் பார்த்ததில்லை, ஆனால் போனிலேயே தங்கச்சி ஆக்கிக்கொண்டவர்.

"அண்ணே, அங்க ஏதாச்சும் லீக்கா? சைரன் அடிக்குதா?"

"ஒண்ணும் இல்லியே தங்கச்சி. சைரனும் இல்ல, கியிரனும் இல்ல. மெஷின் ரூம் பக்கம்தான் நிக்கிறேன், எப்பவும் அடிக்கிற நெடிதான்..."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, போனுக்குள் சைரன் அலறியது. இங்கே திரையில் கோடு அதற்குள் இறங்கித் தரைக்கு வந்துவிட்டிருந்தது. டீனாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சந்தாபுரா பெட்டி விட்டு விட்டுத் தொடர்பில் வருகிறது என்று மட்டும் பதிவில் தெரிந்தது. கடைசிக் கட்டளையைப் புரோக்கர் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கும். பெட்டி எப்போது வந்து சேர்ந்தாலும் கொடுத்துவிடும். அதனால் சைரன் தாமதமாக அடித்திருக்கிறது. சிம் கார்டு சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று அவளே ஒரு சமாதானம் செய்துகொண்டாள். அங்கே எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி, வெயிலில் நின்று, ஒன்றுமில்லை என்று திரும்பிப் போனார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் அதே கதை. கோடு ஏறியது, இறங்கியது, எல்லாம் முடிந்த பிறகு அங்கே சைரன். இந்த முறை ஓடி வந்தவர்கள் கிடங்குக் கதவைச் சாத்த மறந்துவிட்டார்களாம். மீன் பெட்டிகள் இளகத் தொடங்கிவிட்டன. கிடங்கு மேனேஜர் நேராக அனந்தபத்மநாபனுக்கு போன் போட்டுக் கன்னடத்தில் விளாசித் தள்ளினார். மும்பைப் பார்ட்டி சாயங்காலம் அந்த மேனேஜரிடம்தான் விசாரிக்கப் போகிறது என்பது வேறு முதலாளியின் கவலை.

அவர் முகமெல்லாம் வேர்க்க டீனாவிடம் வந்தார். "சந்தாபுராவுக்கு போன் பண்ணிச் சொல்லிடு. இன்னிக்கு நாம டெஸ்டிங் பண்றோம், சைரன் அடிச்சா கண்டுக்க வேண்டாம்னு. சாயங்காலம் வரைக்கும்தானே?"

"சார், அது எப்படி சார் சொல்றது? நெஜமாவே லீக் ஆச்சுன்னா?"

"நெஜம்னா கோடு இறங்காம நிக்கும், உன் ஸ்கிரீன்ல தெரியப்போறது. நீ பார்த்துண்டுதானே இருக்கே? உன் தம்பி வேற அங்க இருக்கான், உன்னைவிட யார் நன்னா பார்ப்பா? இன்னொரு தடவை எல்லாரும் வெளில ஓடினா காண்ட்ராக்டே போயிடும்மா. அப்புறம் பெட்டியும் இருக்காது, நீயும் இருக்க மாட்டே."

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் அவளுக்கும் பட்டது. அதுதான் பாழாய்ப்போன விஷயம். டீனா போனை எடுத்தாள்.

மதியழகன் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னா தங்கச்சி இப்பிடிச் சொல்ற? எங்கப்பா சுரங்கத்துல இருந்தாரு. எங்க லைன் வீட்டுல சைரன் சத்தம் கேட்டா அடுப்புல இருக்கிற சோத்தை அப்பிடியே விட்டுட்டு எங்கம்மா ஓடும். ஓடணும்னு பழகின உடம்பும்மா இது. சும்மா நில்லுன்னா நிக்குமா?"

"இன்னைக்கு மட்டும் அண்ணே. இது பொய் சைரன். ஏதாவது உண்மையா இருந்தா நானே போன் பண்றேன். நான் பொறுப்பு."

"நீ பொறுப்புன்னா சரி. உன் பேச்சுக்கு என்ன மறுபேச்சு," என்றார் அவர். "யாரையும் வெளிய விடாம நானே பார்த்துக்கிறேன். நீ பேஜார் பண்ணிக்காத."

போனை வைத்ததும் டீனாவுக்கு என்னவோ போல் இருந்தது. தம்பியையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். அடிக்கவே இல்லை. கிடங்குக்குள் இருந்தால் போன் எடுக்காது. அந்தத் தடித்த சுவரையும் தகரத்தையும் தாண்டி சிக்னல் போகாது. சரி, எல்லாம் நல்லபடியாகத்தான் இருக்கும் என்று திரையைப் பார்த்து உட்கார்ந்தாள். சந்தாபுரா கோடு சமர்த்தாகப் படுத்துக் கிடந்தது.

அப்படியே பார்த்துக்கொண்டிருந்தவள், கொஞ்ச நேரம் கழித்து அதற்குக் கீழே இருந்த இன்னொரு சின்ன எண்ணைப் பார்த்தாள். யாரும் கவனிக்காத எண் அது. பெட்டி இருக்கும் இடத்தின் வெப்பம். சந்தாபுரா பெட்டி மாட்டியிருப்பது மெஷின் ரூமில். கம்ப்ரசர்கள் இரவும் பகலும் ஓடி அங்கே அனல் பறக்கும். ஷெர்வின் அந்தப் பக்கம் போய் வந்தால் பனியனைப் பிழிந்து காயப் போடுவான். இப்போது அந்த எண் இருபத்திமூன்று என்றது.

மெஷின் ரூமில் எப்படி இருபத்திமூன்று வரும்? அவள் பார்க்கப் பார்க்க அது இருபத்திரண்டு ஆனது.

"லாயிட், இன்னும் கொஞ்சம் குறைச்சு வைப்பா, அவா வர்றதுக்குள்ள ரூம் ஜில்லுனு இருக்கணும்," என்று அனந்தபத்மநாபனின் குரல் டெமோ ரூமிலிருந்து கேட்டது. ரிமோட் கீச்சென்றது. ஏ.சி. உறுமியது.

திரையில் இருபத்தொன்று.

டீனா எழுந்து நின்றாள். ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே உடனே விளங்கவில்லை. கண்ணாடித் தடுப்பை வனஜா துடைத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸைப் பெருக்கித் துடைக்கிற அம்மாள். கையில் நீலத் திரவம் இருக்கும் ஸ்பிரே பாட்டில். கண்ணாடி துடைக்கிற அந்தத் திரவத்திலும் கொஞ்சம் அமோனியா உண்டு.

"வனஜாக்கா, சாப்பாட்டுக்கு அப்புறமும் இதைத்தான் அடிச்சீங்களா?"

"ஆமாம்மா. சார் ரெண்டு வாட்டி தொடைக்கச் சொன்னாரு. ஏன், கறை இருக்குதா?"

டீனா அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டு டெமோ ரூமுக்குள் போனாள். மேஜையில் புதுப் பெட்டி பச்சை விளக்கோடு மினுக்கென்று உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் புட்டியும் பஞ்சும் இருந்தன. காலையில் லாயிட் ஒத்திகை பார்த்த அமோனியா. அவள் பெட்டியின் மூக்குக்கு நேரே பாட்டிலைப் பிடித்து இரண்டு தடவை அடித்தாள். ஒரு கையில் செல்போனைத் தூக்கிப் பிடித்து, கண்காணிப்புத் திரையை அதிலேயே பார்த்தாள்.

சந்தாபுரா கோடு தலை தூக்கியது.

"ஏ டீனா, என்ன பண்ற நீ?" என்று லாயிட் பாய்ந்து வந்தான்.

"இதுக்கு யார் சர்ட்டிபிகேட் போட்டது? வீணாதான் இல்லையே. யாரோட கார்டு இதுக்குள்ள இருக்கு?"

லாயிட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பெட்டி சர்வீஸுக்கு வந்தாலும் பெயரும் சர்ட்டிபிகேட்டும் சாவியும் பதிந்திருக்கிற அதன் மெமரி கார்டைக் காப்பி எடுத்து வைத்துக்கொள்வான். ஓடுகிற கார்டு கையில் இருந்தால் எதற்கும் உதவும் என்பது அவன் கொள்கை. போன மாதம் சந்தாபுரா பெட்டி சர்வீஸுக்கு வந்திருந்தது. "வீணா வர்றதுக்கு நேரம் ஆகும்னு அந்தக் காப்பியைப் போட்டேன். ஒரு நாள்தானே? மேல ஒட்டுற ஸ்டிக்கர்ல பேரை மட்டும் மாத்திட்டேன். அங்க இருக்கிறது அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டுதானே இருக்கும்?"

"ஓடாதுடா! உள்ள ரெண்டும் ஒரே பேரு, ஒரே சாவி! இது உள்ள வரும்போதெல்லாம் அதை வெளிய தள்ளுது. அது திரும்ப உள்ள வரும்போதுதான் இதுக்குப் போன கட்டளையைக் கேட்டு அங்க சைரன் அடிக்குது. காலையிலேர்ந்து நான் பார்க்கிறது சந்தாபுரா காத்து இல்ல லாயிட், இந்த ரூம் காத்து. நம்ம ஏ.சி. காத்து!"

வாசலில் நின்ற வனஜாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப சந்தாபுராவை யாரும்மா பாக்கறது?" என்று கேட்டாள்.

யாருமே பார்க்கவில்லை. பூட்டு திடமாகத்தான் இருந்தது, திருடன் ஒருத்தனும் நுழையவில்லை, கம்பெனியே தன் கையால் இரண்டாவது சாவி வெட்டிக் கதவைத் திறந்து விட்டிருந்தது.

டீனா பெட்டியின் வயரைப் பிடித்தாள். அனந்தபத்மநாபன் குறுக்கே கையை நீட்டினார். "அவா கார் கீழே வந்தாச்சும்மா. பத்தே நிமிஷம். டெமோ முடிஞ்சதும் எடுத்துடலாம். அங்க ஒண்ணும் ஆகலை பாரு, ஏதாவதுன்னா போன் வந்திருக்காதா?"

"சைரன் அடிச்சாலும் கண்டுக்காதீங்கன்னு நாமதானே சார் சொல்லி வச்சிருக்கோம்!" என்று கத்திவிட்டு டீனா வயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது.

திரையில் சந்தாபுரா கோடு நின்றுபோனது. இனி அசல் பெட்டி தானாக வந்து சேர வேண்டும். திரும்பத் திரும்ப வெளியே தள்ளப்பட்ட பெட்டி, ஒவ்வொரு முறையும் முன்னைவிட அதிக நேரம் காத்திருந்துதான் அடுத்த முறை கதவைத் தட்டும். அதன் சுபாவம் அப்படி. இங்கிருந்து அவசரப்படுத்த ஒரு வழியும் கிடையாது. டீனா அம்மாவை நினைத்துக்கொண்டாள். என் கண்ணைத் தாண்டி என்ன நடந்துடும் என்று அன்று அவளிடம் கேட்ட தன் வாயை அறைய வேண்டும் போலிருந்தது. மாதாவே, மாதாவே என்று உதடு அதுபாட்டுக்கு முணுமுணுத்தது. படிக்கட்டில் பூட்ஸ் சத்தமும் சிரிப்பும் கேட்டன. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

கோடு உயிர் பெற்றது. முதலில் வந்தது வெப்பம்: நாற்பது. மெஷின் ரூமேதான், சந்தேகமே இல்லை. அடுத்து அமோனியா. அந்தக் கோடு கீழேயிருந்து ஏறவே இல்லை. வரும்போதே திரையின் உச்சியில் முட்டிக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரமாக அப்படி இருக்கிறதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம். 'சைரன் அடி' என்று கட்டளை பறந்தது.

டீனா கேட் நம்பரை அழுத்தினாள். உடனே எடுத்துவிட்டார் மதியழகன். பின்னால் சைரன் காது கிழிய அடித்தது.

"இப்பதான் ஆரம்பிச்சுச்சு தங்கச்சி," என்றார் அவர், சைரனுக்கு மேலே குரலை உயர்த்தி. லேசாக இருமினார். "கவலையே படாத. நீ சொன்னாப்லயே ஒருத்தனையும் விடல. முன்வாசலுக்கு ரெண்டு பேர் ஓடி வந்தானுங்க. டெஸ்டிங்தான், போய் வேலையைப் பாருங்கடான்னு திருப்பி அனுப்பி கதவைச் சாத்திட்டேன்."

"அண்ணே, இது நெஜம்! லீக் ஆகுது! அண்ணே, கதவைத் திறங்க, எல்லாரையும் வெளிய கூப்பிடுங்க! ஷெர்வின் உள்ள இருக்கான் அண்ணே, என் தம்பி!"

"அய்யய்யோ" என்றார் மதியழகன். திட்டவில்லை, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன் எதன் மீதோ டொக்கென்று விழுந்தது. ஷூ ஓடுகிற சத்தம், கனமான கதவின் இரும்புத் தாழ்ப்பாள் திறக்கிற சத்தம். "டேய், வெளிய வாங்கடா! எல்லாரும் வெளிய வாங்கடா!" என்று அவர் கத்துவது போகப் போகச் சின்னதாகி, பிறகு இருமலாகி, பிறகு சைரன் மட்டும் பாக்கி நின்றது.

டீனா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். வந்த விருந்தாளிகளில் ஒருவர் கைகுலுக்கக் கை நீட்டிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ தெரியாது. போனைக் கீழேயிருந்து யாரோ எடுப்பது போல் கரகரவென்று சத்தம் வந்தது.

"ஹலோ? யாரு?"

"ஷெர்வின்!" டீனாவுக்கு அழுகை வந்தது. "டேய், ஷெர்வின்! நீ நல்லா இருக்கியாடா? வெளிய வந்துட்டியா?"

"அக்காவா? நாங்க அப்பவே வந்துட்டோம்க்கா. முன்னாடி விடலன்னு பசங்க திரும்பி வந்தானுங்க. நெடி தாங்க முடியல, லாரி ஏத்துற பின்கதவை ஒடச்சுக்கிட்டு எல்லாரும் அந்தப் பக்கமா வந்துட்டோம். ஒருத்தன் பாக்கி இல்ல. உள்ள ஒரே பொகையா இருக்குக்கா, கண்ணே தெரியல. இப்பதான் சுத்திக்கிட்டு கேட்டுக்கு வர்றேன். ஃபயர் சர்வீஸுக்கு சொல்லியாச்சு, மாஸ்க் இல்லாம யாரும் கிட்டப் போகக் கூடாதுன்னுட்டாங்க." அவன் மூச்சு வாங்கினான். "இங்க ஸ்டூல்கிட்ட போன் கெடந்துச்சு. முன்கதவு தெறந்து கெடக்கு. மதியண்ணனைக் காணோம். அக்கா, அண்ணன் எங்க போனாரு, உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?"

"உள்ளடா," என்றாள் டீனா. "உன்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி நான்தான் உள்ள அனுப்பினேன்."